ஓதம் திரும்பிய இரவு

பியாப்போனுக்குத் தெற்கே ஓர் ஓடை.
மேற்குக் கரையில் நம்மாட்கள், நெல் ஆலையின் கூலி வரிசை.
கிழக்கில் பர்மியர் ஊர். பதினெட்டு வீடு, சின்னதாய் ஒரு பகோடா,
தண்ணீருக்குள் கால்விட்டு நிற்கும் கழிப்பறைகள்.
நடுவில் எங்கள் படகு. படகின் மேல் பலகை.
பலகையின் மேல் அரண்மனை.

நான் வேஷம் கட்டுவதில்லை, கணக்கு எழுதுகிறவன்.
மேற்குக் கரை கொடுத்தது பதினோரு கூடை நெல்,
இரண்டு டின் மண்ணெண்ணெய், ரொக்கம் நாற்பது கியாட்.
கிழக்குக் கரை ஒன்றுமில்லை.
கேட்கவும் இல்லை. தமிழ் நாடகம் அவர்களுக்கு எதற்கு?
திரையின் முதுகைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்
வாத்தியார் தனுஷ்கோடி.
நானும் தலையாட்டினேன்.

எட்டரைக்குப் பெட்ரோமாக்ஸ் மூச்சுவிட்டது.
ராஜா வந்தார். ஊர் மரக்காலை அரை விரல் சுருக்கச் சொன்னார்.
'அடப்பாவி' என்றது மேற்குக் கரை, ஒரே குரலில்.
ராணி தரையில் விழுந்து அழுதாள்.
கரையில் ஒரு குழந்தை கூடவே அழுதது.

திரைக்கு இந்தப் பக்கம்
மந்திரி ஒரு கையால் மீசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு
மறு கையால் வெறுஞ்சோறு தின்றான்.
அழுகையை முடித்து உள்ளே வந்த ராணி,
வயது முப்பத்தாறு, பெயர் செபஸ்தியான்,
சேலையைத் தொடைக்கு மேல் வழித்துக் கொசுக்கடியைச் சொறிந்தாள்,
பீடி கேட்டாள்.
ராஜா மூன்று மாதச் சம்பளம் கேட்டார்.
கிரீடத்தைக் கழற்றிக் கேட்டார். பிறகு
போட்டுக்கொண்டும் கேட்டார்.
கிழக்கே சத்தமே இல்லை.
ஆளில்லை என்றுதான் நினைத்தேன். இருட்டில் சுருட்டு நுனிகள்.
எண்ணினேன். அறுபதுக்கு மேல்.

பத்தே முக்காலுக்கு ஓதம் வற்றத் திரும்பியது.

யாரும் தள்ளவில்லை. படகு
ஒற்றை நங்கூரத்தைச் சுற்றிச் செக்குமாடு போல நகர்ந்தது.
காடு போகும் ராஜா
முதல் அடியை மேற்கே பார்த்துப் பாடினார்.
இரண்டாம் அடி தெற்கே,
ஒருவருமில்லாத தண்ணீருக்கு.
மூன்றாம் அடி முடிகையில் எதிரே கிழக்குக் கரை.
நிறுத்தவில்லை. மிருதங்கம் நிறுத்தாதபோது
அவர் எப்படி நிறுத்துவார்?

மேற்கில் கூச்சல். திருப்பு, திருப்பு.
படகுக்காரன் கோ சான் டுன்
சுக்கானடியில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தான்.
இன்னொரு நங்கூரம் எங்கே?
அடகில்.
ஓதம் திரும்பும் என்று தெரியாதா?
தெரியும்.
சொல்லவில்லையே?
கேட்கவில்லையே.
அவன் பெண்டாட்டி கிழக்குக் கரைக்காரி என்பது
எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

கூச்சல் தானாகவே அடங்கியது.
மேற்குக் கரைக்கு இப்போது ராணியின் முதுகு,
வேர்வையில் ஒட்டிய ரவிக்கை, பீடிப் புகை.
'தாயே, ஒரு இழுப்பு எனக்கும்' என்றான் ஒருவன்.
சிரித்தார்கள். கூத்தாடி கேவலப்பட்டான் என்று நான் கூசினேன்.
அந்த நேரம் பார்த்து ராஜா உள்ளே வந்தார்,
மறுபடியும் சம்பளம் கேட்டார்.
வாத்தியார் 'மாதக் கடைசியில் பார்க்கலாம்' என்றார்.
கரை சிரிப்பை விட்டது.
எங்கோ பின்வரிசையில் ஒரு பெண்குரல்:
'குடுத்திருங்கய்யா.'
அப்புறம் நாலைந்து. அப்புறம் எல்லாரும்.
குடு. கூலியைக் குடு.
முன்வரிசையில் இருந்த ஆலைக் கணக்குப்பிள்ளை
நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.
அவரை எனக்குத் தெரியாது. இருந்தும்
என் நோட்டை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

விடியலில் கிழக்கிலிருந்து ஒரு சம்பான்.
கன்னத்தில் தனகா பூசிய பெண், காலடியில் இரண்டு வாத்து.
சான் டுன் பெயர்த்துச் சொன்னான்:
இரண்டாவது நாடகம் சுமார்தானாம், பாட்டு அதிகமாம்.
முதலாவதை மறுபடி போடுவீர்களா என்கிறாள்.
எது முதலாவது?
மீசை ஒட்டுவது, அவசரமாய்ச் சோறு தின்பது,
ஒருத்தன் காசு கேட்டுக்கொண்டே இருப்பானே, அது.
கடைசியில் அவனுக்குக் கிடைத்ததா என்று கேட்கிறாள்.

வாத்தியார் ஓடையைப் பார்த்தார். நான் நோட்டைப் பிரித்தேன்.
வரவு, கிழக்குக் கரை, வாத்து இரண்டு.
செலவு, ராஜாவுக்கு ஒன்று, பாக்கியில் கழிக்க.
தெதயே வரும்வரை அது கால்கட்டோடு
அரியணைக்கு அடியில் கத்திக்கொண்டே வந்தது.